தட்டிப் பார்த்து வாங்கிய துவக்கு

துவக்கின் குழலை விரல் மொளியால் தட்டினேன். "டப்" என்றது. கொஞ்சம் மேலே தள்ளி இன்னொருமுறை தட்டினேன். அதே "டப்". தடித்த பலகையில் தட்டியதுபோல உயிரில்லாத சத்தம்.

சிஞ்ஞோர் நீனோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலெர்மோ நகரத்து ஒரேத்தோவில், பேருந்துத் தரிப்பிடத்துக்கு எதிரே, தூண்டில்களும் வேட்டைச் சப்பாத்துகளும் பழைய துவக்குகளும் விற்கும் சின்னக் கடை அவருடையது. துவக்கு வாங்க வருகிறவர்கள் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், குதிரையை இழுத்துப் பார்ப்பார்கள். விரலால் தட்டிப் பார்த்த ஆளை அவர் அன்றுதான் கண்டார்.

சட்டி வாங்கினாலும் பானை வாங்கினாலும் நாங்கள் தட்டித்தான் பார்ப்போம். "டிங்" என்றால் நல்லது. "டப்" என்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு எங்கோ இருக்கிறது, அடுப்பில் வைத்த அன்றே விரிந்துவிடும். அம்மாவோடு சந்தைக்குப் போன காலத்திலிருந்து பழகிய கை இது. பல்லரோ சந்தையில் வத்தகப்பழத்தையும் நான் தட்டித்தான் வாங்குகிறேன். அங்குள்ள வியாபாரிகள் என்னைக் கண்டதும் பழத்தை எடுத்து நீட்டிவிட்டுக் காதைப் பொத்திக்காட்டிப் பகிடி பண்ணுவார்கள்.

குழலில் பிழை இருக்கிறது என்று நீனோவிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சத்தம் சரியில்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் துவக்கைப் பழைய இடத்திலேயே கொழுவினார். ஏமாற இருந்த இடத்தில் தப்பிவிட்டேன் என்ற மிதப்பில் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த மிதப்பு எப்படி இறங்கியது என்பதைச் சொல்வதற்கு முன், துடைப்பமும் வாளியுமாகத் திரிகிற ஒரு மனுசிக்கு இரட்டைக் குழல் துவக்கு எதற்கு என்பதைச் சொல்லவேண்டும்.

ஜூசி கூட்டிக்கொண்டு போன இடம்

பொலிதேயாமாவில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தை நாங்கள் சிலர் சேர்ந்து துப்புரவு செய்கிறோம். அதில் என்னோடு ஒரே மாடியில் வேலை செய்கிறவள் ஜூசி. பலெர்மோக்காரி. என்னைவிட ஒரு சாண் உயரம், என்னைவிட இரண்டு மடங்கு வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டாள். சமைக்கிறேன், கழுவுகிறேன், நித்திரை கொள்கிறேன் என்றேன். அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று சொல்லி, அடுத்த ஞாயிறு தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மொன்றியாலே கடந்து மலைப்பக்கம் போனோம். அங்கே ஒரு சுடுகிற கழகம். பழைய காலத்துத் துவக்குகளைத் தோளில் வைத்து, இயந்திரம் ஆகாயத்தில் வீசுகிற மண் தட்டுகளைச் சுட்டு உடைக்கிறார்கள். தோட்டா போடுகிற துவக்குகள் அல்ல. வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, சன்னத்தைப் போட்டு, மறுபடி தக்கை வைத்துக் கம்பியால் இடித்துச் சுடுகிற வகை. இத்தாலிக்காரர் அவன்காரிக்கா என்கிறார்கள். வன்னியில் நாங்கள் இடியன் துவக்கு என்போம்.

வெறுங்கையோடு போவது நமக்குப் பழக்கம் இல்லையே. ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போயிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே பெட்டி காலி. அந்த ரோல்ஸின் செல்வாக்கினாலோ என்னவோ, நீயும் ஒருமுறை சுட்டுப் பார் என்று ஜூசி தன் துவக்கை என் கையில் தந்தாள். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் பயிற்சியாளர் நின்றார்.

விசையை இழுத்தேன். பெரும் முழக்கம். உடனே எனக்கு முன்னால் வெள்ளைப் புகை எழுந்து மலையையும் வானத்தையும் மறைத்துவிட்டது. தட்டு உடைந்ததா இல்லையா என்று சுட்டவருக்கே தெரியாது. புகைக்கு வெளியே நிற்பவர்கள்தான் சொல்லவேண்டும். உடையவில்லை என்றார்கள்.

உடையாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் ஆயுளில் துவக்குச் சத்தம் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் ஓடியிருக்கிறேன், குனிந்திருக்கிறேன், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்திருக்கிறேன். அன்று முதல்முறையாக, சத்தம் என் கையிலிருந்து, நான் சொன்ன நேரத்துக்கு வந்தது. வந்து, மலையில் மோதி, முடிந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று ஜூசிக்குச் சொன்னேன், கண்ணாடி போட்டிருப்பதை மறந்து.

தும்பு மட்டும் எங்களுடையது

இந்த இடத்தில் ஊரில் இருந்த எங்கள் சித்தப்பா சின்னய்யாவின் துவக்கைச் சொல்லாமல் போகமுடியாது.

வயலுக்குள் பன்றி இறங்காமல் காவல் காக்க அவரிடம் ஓர் இடியன் இருந்தது. அதைப் பொம்பிளைகள் தொடக்கூடாது. நிலத்தில் கிடந்தால் கடந்து நடக்கக்கூடாது. சுத்தம் இல்லாத நாள்களில் அது வைத்திருக்கும் அறைக்குள்ளேயே போகக்கூடாது. கடந்தால் குறி தவறுமாம். எங்களுக்கு விட்ட ஒரே வேலை, தேங்காய்த் தும்பை உரித்து, உருட்டி, தக்கைக்குக் கொடுப்பது. சின்னய்யாவின் குறி எந்த நாளும் தவறித்தான் போனது. அதற்கும் நாங்கள்தான் காரணமாக இருந்தோம்.

கழகத்தில் கம்பளித் தக்கை வைத்து இடிக்கும்போது அதை நினைத்துச் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று ஜூசி கேட்டாள். கடந்து நடக்கக்கூடாத கதையைச் சொன்னேன். அவள் தன் துவக்கைப் புல்லில் கிடத்திவிட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு தரம் கடந்தாள். பிறகு என்னையும் கடக்கச் சொன்னாள். கடந்தேன். அதற்குப் பிறகு அவள் சுட்டதில் ஒன்றும் தவறவில்லை.

பின்னாளில் எங்கள் ஊருக்குள் வந்த துவக்குகளைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு எழுதிவிட்டேன். இன்றைக்கு அந்தப் பக்கம் போக எனக்கு விருப்பம் இல்லை.

இவர் போட்ட நிபந்தனை

ஜூசியின் துவக்கில் நான் சில மாதம் பழகினேன். பழகினேன் என்று சொல்வதைவிட அடி வாங்கினேன் என்று சொல்லலாம். அவளுடைய கை நீளத்துக்குச் செய்த பிடங்கு, தோளில் அணைக்கிற மரக்கட்டை, எனக்குத் தோளுக்கு வெளியே நின்றது. ஒவ்வொரு வெடிக்கும் மேற்கை கன்றியது. தட்டு ஒன்றுகூட உடையவில்லை. அதற்குள் கழகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் ஒரு பருவம் இரவல் துவக்கில் பழகலாம். இலையுதிர்காலப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதென்றால் சொந்தத் துவக்கு வேண்டும்.

இவரிடம் சொல்லவேண்டிய நாள் வந்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். பொலிதேயாமாவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். யூலை மாதம் இந்த நகரத்தின் காவல் புனிதை சந்தா ரொசாலியா திருவிழாவுக்கு வாணம் விடுகிற இரவில், யன்னல் எல்லாம் பூட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய் இருக்கிற மனுசன். அவருக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சோறு போட்டு, குழம்பு விட்டு, அவர் இரண்டாம் வாய் வைத்தபிறகு சொன்னேன்.

அவர் கையை உதறிவிட்டு எழும்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து இருந்தார்.

"வன்னியிலை இருந்து வந்த சனம் வீட்டிலை துவக்கு வைச்சிருக்குது எண்டால், கேக்கிறவன் என்ன நினைப்பான்? என்ரை பேப்பர் இன்னும் குவெஸ்தூராவிலை கிடக்குது. உமக்கு விளங்குதோ?"

விளங்கியது. எனக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை கிடைத்துச் சில வருசம். அவருடைய விண்ணப்பம் ஊர்ந்துகொண்டு கிடந்தது. ஆனால் சுடுவதற்கான லைசென்ஸைத் தருவதும் அதே பொலிஸ்தான், வைத்தியர் பார்த்து, பயிற்சி முடித்து, அவர்கள் கையெழுத்து வைத்துத்தான் தருவார்கள் என்று சொன்னேன். ஒளித்து வாங்கினால்தான் குற்றம், அறிவித்து வைத்திருப்பது குற்றம் இல்லை என்றேன். இது உமக்கு எவ்வளவு வேணும் என்று அவர் கேட்டார். வேணும் என்று மட்டும் சொன்னேன்.

"சரி, எடும். ஆனால் எங்கடை சனத்திலை ஒரு காக்காய் குருவிக்கும் தெரியக்கூடாது. பவளமக்காவுக்குத் தெரிஞ்ச அண்டைக்குத் துவக்கு வீட்டை விட்டுப் போகவேணும்."

பவளமக்கா எங்களுக்கு மேல் மாடி. அல்பெர்கேரியாவின் இந்த ஒடுக்கமான சந்தில், எங்கள் கட்டடம் ஒரு கிணறுபோல. நடுவில் முற்றம், சுற்றிவர யன்னல்கள். பவளமக்காவின் யன்னலுக்கு ஒரு சேதி எட்டினால், மாலைக்குள் பலெர்மோவில் இருக்கிற தமிழர் எல்லாருக்கும் எட்டிவிடும். நல்ல மனுசி. எனக்குக் காய்ச்சல் வந்தால் இரசம் வைத்துக்கொண்டு வருகிற மனுசி. ஆனால் வாய்க்குக் கதவு இல்லை.

நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டேன். துவக்கு வீட்டில் நிற்குமா போகுமா என்பது அன்றிலிருந்து பவளமக்காவின் காதில் தொங்கியது.

கட்டுப்படியாகிற ஒன்று

கடை கடையாக ஏறி இறங்கினேன். புதிதாகச் செய்த இரட்டைக் குழல்களின் விலையைப் பார்த்ததும், கண்ணாடிக்கு வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்தேன். ஒற்றைக் குழல் மலிவு. ஆனால் ஜூசி விடவில்லை. தொடக்கத்தில் காசு மிச்சம் என்று ஒற்றைக் குழல் எடுத்தவர்கள் எல்லாரும் அடுத்த வருசம் இரண்டாவது துவக்குக்கு அலைகிறார்கள் என்றாள்.

பொலிதேயாமாவில் ஒரு பகட்டான கடையில் வெள்ளிப் பூவேலை செய்த பழைய துவக்கு ஒன்று இருந்தது. விற்பனையாளர் அதன் பூக்களைப் பற்றியே பேசினார். பூவால் தட்டு உடையுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பல்லரோவில் பழம்பொருள் பரப்பி வைத்திருந்த ஒருவன் ஒன்றைக் காட்டி, நேற்றுக்கூடச் சுட்டது என்று சத்தியம் பண்ணினான். குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தால் பாதியில் நின்றது. உள்ளே ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள். சுவரில் கொழுவுகிற சாமான். நேற்று எந்த வழியால் சுட்டாய் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில்தான் ஒரேத்தோவில் நீனோவின் கடை. அங்கே மூலையில் கிடந்த இரட்டைக் குழலுக்கு அவர் சொன்ன விலை, எங்கள் ஒரு மாத வாடகைக்குள் அடங்கியது. குழல் உள்ளே பளிச்சென்று சுத்தம். குதிரைகள் இரண்டும் இழுத்த இடத்தில் உறுதியாக நின்றன. இவ்வளவு நல்லதை ஏன் இவ்வளவு மலிவாகத் தருகிறார் என்ற சந்தேகத்தில்தான் தட்டிப் பார்த்தேன். "டப்" என்றது. பிழை அகப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

மரக்கரண்டி

அடுத்த நாள் வேலையில் ஜூசியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, எப்படித் தட்டினாய் என்று கேட்டாள். இப்படித்தான், கையில் பிடித்துக்கொண்டு என்று காட்டினேன். குழல் மரத்தில் பூட்டியிருந்ததா என்று கேட்டாள். ஓம், முழுத் துவக்கு என்றேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று சிரித்த சிரிப்பு அந்த மாடி முழுவதும் கேட்டிருக்கும்.

வேலை முடிந்ததும் என்னைத் தன் வீட்டுக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தன் துவக்கை எடுத்து, பிடங்கையும் குழலையும் பிணைக்கிற ஆப்பைத் தட்டிக் கழற்றினாள். குழல்கள் தனியே வந்தன. அவற்றைச் சப்பாத்துக் கயிற்றில் கட்டி விரலில் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டினாள். மணி அடித்தது. உண்மையாகவே மணி. இரண்டு குழலையும் சேர்த்து ஒட்டிய ஈயப் பற்றாசு எங்காவது விட்டிருந்தால் இந்தச் சத்தம் வராது, கரகரக்கும் என்றாள். துவக்குக்காரரும் தட்டித்தான் பார்ப்பார்கள். மரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மட்டும் தட்டமாட்டார்கள்.

எனக்கு முகம் சுட்டது. அடுப்பில் ஏற்றி, சோறு நிறைத்த பானையைத் தட்டிவிட்டு, சத்தம் வரவில்லை என்று குயவனைக் குறைசொன்ன கதையாகிவிட்டது என்னுடையது. பானை என்றால் விளிம்பில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத்தான் தட்டவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இரும்பைக் கண்டதும் மறந்துபோனேன்.

ஆனால் ஒன்று. தட்டவேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அதை நினைக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு கெப்பர், ஒரு பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மறுபடியும் ஒரேத்தோ

வேலை இல்லாத முதல் நாளே ஓடினேன். பேருந்தில் இருந்தபடியே, விற்றிருப்பாரோ, விற்றிருப்பாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. இறங்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூலையில் அப்படியே இருந்தது.

குழலைக் கழற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். நீனோ ஆப்பைத் தட்டிக் கழற்றினார். விற்பனைக்கு வைத்திருந்த சப்பாத்து ஒன்றிலிருந்து கயிற்றை உருவித் தந்தார். குழல்களைத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் தட்டினேன்.

"டிங்" என்று எழும்பிய சத்தம் கடைக்குள் சுற்றிக்கொண்டு நின்றது. தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மேலே தட்டினேன், நடுவில் தட்டினேன், அடியில் தட்டினேன். எங்கேயும் கரகரப்பு இல்லை.

இவ்வளவு நன்றாக மணி அடிக்கிற துவக்குக்கு விலையைக் கூட்டவேண்டும் என்று நீனோ பகிடி விட்டார். எங்கள் ஊரில் தட்டிப் பார்த்ததற்காகப் பானை விலை ஏறுவதில்லை என்றேன். பிறகு நேராகவே கேட்டேன், இதற்கு என்ன குறை, ஏன் மலிவு என்று. அவர் பிடங்கைக் காட்டினார். யாரோ அதன் நுனியை அரிந்து கட்டையாக்கி, தகரத் தகடு அடித்திருந்தார்கள். வாங்க வருகிற ஆம்பிளைகள் தோளில் வைப்பார்கள், பெருவிரல் மூக்கில் இடிக்கும், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது இந்தக் கடையில் சில நத்தார்ப் பண்டிகைகளைக் கண்டுவிட்டது என்றார்.

அவர் மறுபடி பூட்டித் தந்ததைத் தோளில் வைத்தேன். கன்னம் போய் மரத்தில் இருந்தது. நான் தேடவில்லை, கழுத்தை நீட்டவில்லை. இரண்டு குதிரைகளுக்கும் நடுவால் கண் நேராகப் போய்க் குழலின் நுனியில் நின்றது. இத்தனை மாதம் ஜூசியின் துவக்கோடு நான் பட்ட மல்லுக்கட்டு எல்லாம் ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. பிழை என் தோளில் இல்லை.

யாருக்காக வெட்டியிருப்பார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

சொன்ன விலைக்கே தந்தார். ஆனால் அன்றே கையில் தரவில்லை. இவ்வளவு பழசை நேரே தோளில் வைத்துச் சுடக்கூடாது என்று சொல்லி, குழலின் தடிப்பை அளந்து, சுடுதளத்தில் ஒரு சட்டத்தில் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றால் இழுத்துச் சுட்டுப் பார்த்த பிறகுதான் விட்டார். அந்த மனுசனில் எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். பொலிஸுக்கு அறிவித்து, உரிய முத்திரையும் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிள்ளையாருக்குக் கீழே

துவக்கை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டவேண்டும். அலுமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணியால் முறுக்கவேண்டும். பவளமக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்து இவர் சுவரைத் துளைக்கத் தொடங்கினார். அன்றைக்கென்று அவ நேரத்தோடு வந்துவிட்டா. யன்னலால் எட்டி, என்ன துளைக்கிறீர்கள் என்று கேட்டா. இவர் யோசிக்காமல், சாமித்தட்டு அடிக்கிறன் அக்கா என்று சொல்லிவிட்டார்.

நல்ல காரியம், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறன் என்றா பவளமக்கா.

பிறகு என்ன செய்வது? உண்மையாகவே ஒரு சாமித்தட்டு அடித்தோம், அலுமாரிக்கு நேர் மேலே. பிள்ளையார், முருகன், நடுவில் சந்தா ரொசாலியா. அலுமாரிக்கு ஒரு பூப்போட்ட துணி. வெள்ளிக்கிழமை பவளமக்கா வந்து கும்பிட்டு, அலுமாரியின் மேல் தேங்காயும் பழமும் வைத்து, இடம் நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனா. இவருக்கு அன்று முழுவதும் வியர்த்தது.

புகைக்கு வெளியே

போட்டி நாள் காலை இவர் என்னோடு வரவில்லை. மொந்தே பெல்லக்ரீனோ மலையேறிச் சந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போகிறன் என்றார். நான் நல்லாகச் சுடவேண்டும் என்று வேண்டப் போகிறாரா, எனக்கு இந்த ஆசை விட்டுப்போக வேண்டும் என்று வேண்டப் போகிறாரா என்று கேட்கவில்லை. ஜூசியின் கார் வந்தது, போனேன்.

கழகத்தில் என் துவக்கைக் கண்டு சிலர் சிரித்தார்கள். பிள்ளைகளுக்குச் செய்ததா என்று ஒருவர் கேட்டார். அளந்து செய்தது என்றேன்.

முதல் தட்டு போனது. சுட்டேன். புகை. வெளியே நின்றவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. அடுத்ததற்கு மருந்தை அளந்து ஊற்றினேன், தக்கையை இடித்தேன், சன்னம், தக்கை, குதிரை அடிக்கிற கேப்பு. கன்னத்தை மரத்தில் வைத்தேன். தட்டு எழும்பியது. அதன் பின்னால் போய், அதைத் தாண்டி, இழுத்தேன். முழக்கம். வெள்ளைப் புகை எல்லாவற்றையும் மூடியது. அந்தப் புகைக்குள் நான் தனியே நின்றேன்.

வெளியே இருந்து ஜூசி கத்தினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் கத்தினார்கள். உடைந்துவிட்டது.

அன்று நான் மூன்று தட்டு உடைத்தேன். பரிசு எடுத்தவர்கள் உடைத்ததோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. எனக்கு அது போதும். என் கண்ணால் தேடி, என் கையால் தட்டி, என் உழைப்பில் வாங்கிய துவக்கு. என் தோள். மூன்று.

சுடுதண்ணீர்

கரிமருந்து சுட்ட துவக்கை அன்றே கழுவவேண்டும். விட்டால் அடுத்த நாளே துரு பிடிக்கும். கழுவுவது எனக்குப் பெரிய வேலையா? வீட்டுக்கு வந்து, குழலைக் கழற்றி, சுடுதண்ணீர் வாளிக்குள் அடியை வைத்து, கம்பியில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தேன். தண்ணீர் கறுப்பாக வந்தது. கூடவே மணமும் வந்தது. கந்தகம். கூழ் முட்டை மணம். அது மேலே போகும் என்பது எனக்கு நினைவிலேயே இருக்கவில்லை. யன்னல் திறந்திருந்தது.

இவர் அப்போதுதான் மலையிலிருந்து வந்து சேர்ந்தார். நெற்றியில் வியர்வை. வாசலில் நின்றபடி மூக்கை உறிஞ்சினார். இந்த மனுசன் வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் ஒளிகிற மனுசன். மெல்ல வந்து, வாளிக்கு மேல் குனிந்து, இன்னொருமுறை மணந்து பார்த்தார்.

"இது அந்த மணம் இல்லை."

ஓம், இல்லை என்றேன். ஊரில் சண்டை நாள்களில் மணத்தது வேறு என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆனால் நான் சொல்லி அவர் நம்புகிற காரியம் இல்லை அது. எத்தனை தட்டு என்று கேட்டார். சொன்னேன். அவர் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பெரிய பானையில் தண்ணீர் நிறைத்து அடுப்பில் வைத்தார். குழலின் நுனியைத் தானே பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேலே யன்னல் திறந்தது.

"பிள்ளை யோகா, என்ன மணம் இது? ஆரின்ரையோ குழாய் வெடிச்சுப் போச்சோ?"

நான் கம்பியை நிறுத்தினேன். ஓம், குழாய்தான் அக்கா என்று சொல்ல வாய் திறந்தேன். இவர் ஈரக் கையோடு எழும்பி யன்னலடிக்குப் போனார். முற்றத்தைச் சுற்றியிருந்த யன்னல்களில் ஏற்கெனவே இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. என் துவக்கு வீட்டை விட்டுப் போகிறது என்றே நினைத்தேன்.

"குழாய் இல்லை அக்கா. என்ரை மனிசியின்ரை துவக்குக் கழுவுறம். இண்டைக்குப் போட்டியிலை பறக்கிற தட்டு மூண்டு உடைச்சவ."

பவளமக்காவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்தக் கட்டடத்துக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. இவர் இன்னும் கொஞ்சம் வெளியே எட்டி, குரலை உயர்த்தினார்.

"ஆருக்கும் சொல்லுறதெண்டால் மூண்டு எண்டு சரியாச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."